உயிரோடு இருந்தவருக்கு எழுதிய திதி

1

உயிரோடு இருந்த ஒரு மனிதரை இறந்துவிட்டார் என்று நான் எழுதினேன். தெரியாமல் எழுதவில்லை. எழுதும்போது அவருடைய மூச்சு நிற்கவில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. எப்படியும் நின்றுவிடும் என்று நம்பினேன். பிறகு, அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று எழுதியவர்களின் வரிகளை என் கையாலேயே ஒவ்வொன்றாக அழித்தேன். முதலாவதை அவசரம் என்று சொல்லித் தப்பலாம். இரண்டாவதற்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இதை இப்போது எழுதவைத்தது ஒரு படிவம். இலங்கையில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெளிநாட்டில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, உயிரோடு இருக்கிறோம் என்று ஓர் அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அனுப்பவேண்டும். இந்த வருடத்துப் படிவத்தை மகள் சுகந்தி நேற்று அச்சடித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். "அப்பா, உங்கடை உயிர்ப் பேப்பர்" என்றாள். அவளுடைய தமிழ் இப்போது இந்த அளவில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் பிழையில்லை.

எனக்கு வயது எழுபத்தொன்பது. சொந்த ஊர் சாவகச்சேரிப் பக்கம். தொண்டைமானாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினாறு வருடம் தமிழ் படிப்பித்தேன். டென்மார்க்குக்கு வந்து ஏறத்தாழ முப்பது வருடம். மனைவி போனபிறகு, மகளின் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒற்றை அறையில் இருக்கிறேன்.

என்னிடம் படித்த ஒருவர் அங்கே ஒரு பிரதேச சபையின் தவிசாளர், அதாவது தலைவர், ஆனார். பெயர் வேண்டாம், தவிசாளர் என்றே எழுதுகிறேன். அவருக்கு முகநூலில் ஒரு பக்கம் இருந்தது. அதில் வந்தவை அனைத்தும் நான் எழுதியவை. "சேர், பிழையில்லாத தமிழுக்கு நான் வேறை எங்கை போக?" என்று கேட்டார். எனக்கும் பகல் முழுவதும் ஒரு வேலையும் இல்லை. இங்கே காலை ஏழு மணி என்றால் அங்கே பத்தரை. நான் தேநீரோடு உட்காரும்போது அன்றைய மரணச் செய்திகள் வந்து காத்திருக்கும். இரங்கல் எழுதுவதுதான் என் முதன்மையான வேலை. தவிசாளர் சாவீடு தவறாதவர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயரை எடுத்துக்கொடுத்த நான் டென்மார்க்கில் இருந்தேன்.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் வெளியிடுவோம். அதன் முன்பக்கத்தில், இறந்த மாதத்தையும் திதியையும் சொல்லும் வெண்பா ஒன்று இருக்கும். ஆண்டுதோறும் எந்த நாளில் இறந்தவருக்குப் படைப்பது என்பதை அந்த வெண்பாவைப் பார்த்துத்தான் பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள். நான் அந்த வெண்பாவை மரணம் நடந்த முதல் மணித்தியாலத்திலேயே எழுதி, தவிசாளரின் பெயரில் போட்டுவிடுவேன். வேறு எந்த அரசியல்வாதியின் பக்கத்திலும் இது இல்லை. பல குடும்பங்கள் அதை அப்படியே எடுத்துக் கல்வெட்டில் அச்சிட்டன.

ஒரு விதி வைத்திருந்தேன். இரண்டு பேர் வாயால் கேட்காமல் எந்த மரணத்தையும் எழுதுவதில்லை. அதனால் "தவிசாளரின்ரை பக்கத்திலை வந்தால் சரி" என்று சனம் பேசத் தொடங்கியது. ஆனால் சிறிய பொய்கள் இருந்தன. "நேரில் சென்று அஞ்சலி செலுத்தினேன்" என்று அவர் போகாத வீடுகளுக்கும் எழுதியிருக்கிறேன். ஒருமுறை பருத்தித்துறையில் கணவனை இழந்த ஒரு பெண்ணோடு தொலைபேசியில் பேசவேண்டி வந்தது. "தவிசாளர் வந்தவர் ஐயா. வெள்ளை வேட்டியோடை, அந்த வேப்ப மரத்துக்குக் கீழைதான் கனநேரம் நிண்டவர்" என்றார். அன்றைக்குத் தவிசாளர் கொழும்பில் இருந்தார். மரத்தைப் பற்றி நான் எழுதவும் இல்லை. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. நான் எழுதியதைப் படித்துவிட்டு அவரைக் கண்டிருக்கிறார். அப்போதே எனக்குக் கொஞ்சம் பயம் வந்திருக்கவேண்டும்.

2

அருளம்பலம் மாஸ்டர் கணிதம் படிப்பித்தவர். ஆசிரியர் அறையில் எனக்கும் அவருக்கும் ஒரே மேசை. மனைவி இறந்தபின் தங்கை பரமேஸ்வரியோடு தொண்டைமானாற்றில் இருந்தார். அந்த ஆவணி மாதம் அவரைப் பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தவிசாளரின் சாரதி யோகன் ஒரு பின்னேரம் போன் எடுத்துச் சொன்னான்: "மாஸ்டருக்கு ஏலாது ஐயா. சொந்தக்காரரை வந்து பாக்கச் சொல்லிப்போட்டினம்."

நான் அழவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்தேன். அடுத்த நாள் அபரபக்கத் தசமி, தேய்பிறையின் பத்தாம் நாள். அங்கத்தைய நேரம் பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்னதாக முடிகிறது. அதன்பின் ஏகாதசி. தசமிக்கு ஒரு வெண்பா எழுதினேன். நல்ல வெண்பா. நான் எழுதியவற்றில் அதுதான் நல்லது என்று இன்றைக்கும் சொல்வேன். அதனால்தான் அதை இங்கே தரமாட்டேன். ஏகாதசி என்ற சொல் வெண்பாவுக்குள் இலேசில் அடங்காது. அவர் மூன்று மணிக்குப் பிறகு இறந்தால் பாட்டு முழுவதையும் உடைக்கவேண்டும்.

அடுத்த நாள் காலை பதினொரு மணிக்கு எனக்குக் கொம்யூனில், அதாவது இங்கத்தைய நகரசபையில், உயிர்ப் படிவத்துக்குக் கையெழுத்து வாங்க நேரம் குறித்திருந்தார்கள். பத்தேகால் மணிக்குப் பரமேஸுக்கு எடுத்தேன். பதில் இல்லை. யோகனுக்கு எடுத்தேன். "இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கு ஐயா" என்றான்.

ஆக, நான் கேட்ட ஒரே வாய் அவர் இறக்கவில்லை என்று சொன்னது. நான் சப்பாத்தைப் போட்டேன். கழுத்துத் துணியைச் சுற்றினேன். கொம்யூனில் இரண்டு மணித்தியாலம் போகும், அதற்குள் வேறு யாராவது முந்திவிடுவார்கள், தசமியும் போய்விடும் என்று நினைத்தேன். கதவடியில் நின்றபடியே போனில் பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

கொம்யூனில் இருந்த இளம்பெண் மெதுவாகப் பேசினாள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். டெனிஷ் மொழியில் செவிடு என்பதற்கும் செத்தவன் என்பதற்கும் ஓசை மிக நெருக்கம். "மன்னிக்கவேண்டும், நான் கொஞ்சம் செத்தவன், உரத்துப் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவள் படிவத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, "இந்தத் தாளில் அப்படிப் போட முடியாதே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். முத்திரை விழுந்த நேரத்தில் அங்கே தொண்டைமானாற்றில் சாவீட்டு வெள்ளைக்கொடி கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

3

பரமேஸ் பிறகு எனக்குச் சொன்னது இது.

அவ தமையனுக்கு உடுக்க ஒரு சாரமும் சுடுதண்ணீர்ப் போத்தலும் எடுக்க பஸ்ஸில் வீட்டுக்கு வந்திருக்கிறா. ஒழுங்கை முகப்பில் வெள்ளைக்கொடி. உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து சனம் உட்காரக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தன்னுடைய படலை வாசலிலேயே நின்று "ஆர் செத்தது?" என்று கேட்டிருக்கிறா. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து கட்டிப்பிடித்துக் குழறினா. தான் பஸ்ஸில் வந்த நேரத்துக்குள் அண்ணை போய்விட்டார் என்று நினைத்துப் பரமேஸும் குழறினா. கால்மணித்தியாலம் ஒப்பாரி நடந்தது. அப்போது போன் அடித்தது. அடுத்த கட்டில்காரரின் போனிலிருந்து அருளம்பலம் மாஸ்டர்.

"பரமேஸ், எங்கை நிக்கிறாய்? வரேக்கை தேத்தண்ணி கொண்டு வா. பனங்கட்டியும்."

போனைக் கீழே போட்டுவிட்டதாகச் சொன்னா. "நான் பயந்தது செத்தவர் கதைச்சதுக்கில்லை அண்ணை. எங்கடை அண்ணைதான் கதைக்கிறார் எண்டு தெரிஞ்ச பிறகும் என்னாலை அழுகையை நிப்பாட்ட ஏலாமல் போச்சு. அதுக்குத்தான் பயந்தனான்."

நான் கொம்யூனிலிருந்து வீடு திரும்பியபோது பதிவின்கீழ் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் எழுதியிருந்தார்கள். லண்டனில் இருந்த ஒரு பழைய மாணவர், விடியற்காலை மாஸ்டர் தன் கனவில் வந்து விடைபெற்றதாக எழுதியிருந்தார். இன்னொருவர், உயிர் பிரியும்போது தான் பக்கத்தில் நின்றதாகவும் முகம் சாந்தமாக இருந்ததாகவும் எழுதினார். அவர்களுக்கு நடுவே ஒரு வரி: "மாஸ்டர் உயிரோடை இருக்கிறார். இப்ப பாத்திட்டுத்தான் வாறன்."

உடனே தவிசாளருக்கு எடுத்தேன். தேர்தலுக்கு இரண்டு கிழமை இருந்தது.

"சேர், எங்கடை பக்கத்திலை பிழை எண்டு ஒருக்காலும் எழுதக்கூடாது. ஒண்டைப் பிழை எண்டு சொன்னா மிச்சம் எல்லாத்தையும் பிழை எண்டுவாங்கள்."

"ஆள் உயிரோடை இருக்கிறார்."

"நல்லதுதானே சேர். இருக்கட்டும். தேர்தல் முடிய மெல்லமா எடுத்துவிடுவம்."

"உயிரோடை இருக்கிறார் எண்டு சனம் எழுதுது."

"அதை அழிக்க உங்களுக்குத் தெரியும்தானே" என்றார்.

தெரியும். அழித்தேன். அடுத்த மூன்று நாளில் பதினேழு பேரை அழித்தேன். இரங்கல்கள் மட்டும் மிஞ்சின. பார்க்க அழகாக இருந்தது.

4

நாலாம் நாள் என் போன் திரையில் "அருளம்பலம்" என்று பெயர் விழுந்தது.

"சிவஞானம்?"

"ஓம்."

"நான் அருளம்பலம். பயப்பிடாதையும், உயிரோடைதான் கதைக்கிறன். வீட்டை வந்திட்டன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"வெண்பா நல்லாக் கிடக்கு. மூண்டாமடியிலை மட்டும் கொஞ்சம் நொண்டுது. தவிசாளருக்கு வெண்பாவும் தெரியாது, தசமியும் தெரியாது. உது உம்மடை வேலை எண்டு படிச்ச உடனை பிடிச்சிட்டன்."

"அருளம்பலம், நான் செய்தது பெரிய பிழை. இப்பவே அழிக்கிறன். பிழையெண்டும் எழுதிறன்."

"அதுக்குத்தான் எடுத்தனான். அழியாதையும்."

"என்ன?"

"வத்சலா எழுதியிருக்கிறாள். நீர் பாக்கேல்லையே?"

வத்சலா அவருடைய ஒரே மகள். நான் நாட்டை விட்டு வருவதற்கு முந்திய வருடம், பள்ளிக்கூடத்தில் எங்களோடு படிப்பித்த ஒரு வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, ஆசிரியரின் மகனைக் கலியாணம் முடித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவள். அடுத்த நாள் காலை அருளம்பலம் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியில் இறங்கி, மகள் இறந்துவிட்டாள் என்று தலைமுழுகினார். அவருடைய துவாயைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றவன் நான். ஒரு சொல் சொல்லவில்லை. அவர் கரையேறியதும் துவாயைக் கொடுத்தேன். அவள் பாரிஸ் போய்விட்டாள். தகப்பனோடு அதன்பிறகு பேசவேயில்லை.

அவள் எழுதியிருந்ததை நான் இரங்கல்களில் ஒன்றாக நினைத்து வாசிக்காமல் விட்டிருந்தேன். இப்போது தேடி எடுத்தேன்.

"அப்பா, இவ்வளவு காலமும் மனசுக்குள்ளை உங்களோடை சண்டை பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். இனிச் சண்டை பிடிக்க ஆளில்லை. என்ரை சைக்கிளை நீங்கள் விக்கேல்லை எண்டு மாமி ஒருக்காச் சொன்னவ. வருசா வருசம் செயினுக்கு எண்ணெய் விடுறனீங்களாம். அதைக் கேட்ட அண்டைக்கே நான் எடுத்துக் கதைச்சிருக்கவேணும். எனக்குத் திவசம் செய்யத் தெரியாது. திதியை எழுதினவருக்கு நன்றி. வருசம் வருசம் அண்டைக்குச் சோறு படைப்பன்."

"செத்த பிறகுதான் என்ரை பிள்ளை என்னோடை கதைக்கிறாள், சிவஞானம்" என்றார். "எட்டுச் செலவு மட்டும் கிடக்கட்டும்."

"நீர் ஒருக்கா எடுத்துக் கதையுமன்."

"கதைக்கலாம். உயிரோடை இருக்கிறவனோடை அவள் கதைப்பாளோ?"

எட்டாம் நாள் வந்தது. "முப்பத்தொண்டு மட்டும்" என்றார். தேர்தலும் முடிந்தது, தவிசாளர் வென்றார், அவருக்கு இது மறந்தே போயிற்று. இப்போது நான் அழித்தது தேர்தலுக்காக அல்ல. தினமும் காலையில் ஒருமுறை எடுத்துக் கேட்பார்: "பிள்ளை ஏதும் எழுதினவளோ?" அவள் எழுதிக்கொண்டிருந்தாள். சின்னச் சின்னதாக. தான் கணக்கில் பிழைவிட்டால் அவர் தலையில் குட்டியது. சண்டைக்காலத்தில் சாவகச்சேரிக்கு இடம்பெயர்ந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு இவளுடைய சைக்கிளை மட்டும் அவர் உருட்டிக்கொண்டு போனார் என்று யாரோ சொன்னது. மாமிக்குப் போன் எடுத்தாளாம், மாமியால் கதைக்க முடியவில்லையாம், அழுதாவாம். பரமேஸ் அழுதது உண்மை. எதற்கு அழுதா என்பதை வத்சலா பிழையாக விளங்கிக்கொண்டாள்.

இருபதாம் நாள் அவள் பக்கத்துக்குத் தனியாக எழுதினாள், தவிசாளர் படிக்கிறார் என்று நினைத்து. முப்பத்தோராம் நாளுக்கு ஊருக்கு வரப்போவதாகவும், கல்வெட்டுக்கு அந்த வெண்பாவைப் பாவிக்க அனுமதி தரவேண்டும் என்றும் கேட்டிருந்தாள். நான் சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தன் அரைத்தமிழில் ஒன்றே ஒன்று கேட்டாள்:

"அப்பா, அவ வந்து கதவைத் திறந்தா, உள்ளுக்கை அவர் இருப்பாரோ?"

அடுத்த நாளே பயணச்சீட்டு எடுத்துத் தரச்சொன்னேன்.

5

யாழ்ப்பாணத்திலிருந்து தொண்டைமானாற்றுக்குப் போகும் பஸ்ஸில் நல்ல வெயில். சந்தியில் இறங்கினேன். மின்கம்பத்தில் அருளம்பலத்தைக் கட்டியிருந்தார்கள். ஆளுயரத்தில் ஒரு பதாகை. கண்ணீர் அஞ்சலி, பிறந்த திகதி, மறைந்த திகதி, பழைய மாணவர்கள். அதன் நடுவில் என் வெண்பா. அந்தப் பதாகைக்குக் கீழே, கையில் பத்திரிகையோடு, படத்தில் இருந்த அதே சட்டையில் அருளம்பலம் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கூட்டிப்போக வந்திருந்தார்.

"கழட்டச் சொல்லேல்லையோ?" என்றேன்.

"நல்ல படம். கிடக்கட்டும்."

வழியில் கடைக்காரர் அவருக்கு வெற்றிலையைக் கொடுத்தார்; முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே சைக்கிளில் வந்த ஒரு மனிதர் என்னோடு இரண்டு நிமிடம் நின்று கதைத்தார். எப்ப வந்தனீங்கள், டென்மார்க்கில் குளிரோ என்றெல்லாம் கேட்டார். பக்கத்தில் நின்றவரிடம் ஒரு சொல் இல்லை. "பழகிப்போச்சு" என்றார் அருளம்பலம். "உயிரோடை இருக்கிறன் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனால் அழுதிட்டினம். அழுத பிறகு என்ன கதைக்கிறது எண்டு தெரியேல்லை அவைக்கு."

விறாந்தையில் வத்சலாவின் அந்தச் சைக்கிள். துருவில்லை. உள்ளே சுவரில் அவருடைய படம், மாலை போட்டபடி. மாணவர்கள் கொண்டுவந்து தந்ததாம். அதன் கீழே ஒரு சின்ன ஸ்டூல். பரமேஸ் தேத்தண்ணி கொண்டுவந்து எனக்குக் கையில் தந்தா. அவருடையதை நீட்டினா.

"அங்கை வை. நான் எடுப்பன்."

பரமேஸ் கோப்பையைப் படத்தின் கீழே வைத்துவிட்டு, பனங்கட்டியையும் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனா. அவர் கொஞ்ச நேரம் இருந்தார். ஆவி பறப்பது நின்றதும் எழும்பிப் போய் எடுத்துக் குடித்தார். ஒவ்வொரு நாளும் இப்படித்தான் என்று பரமேஸ் குசினி அடுப்படியில் வைத்து எனக்கு மெல்லிய குரலில் சொன்னா. "தான் சாப்பிடுறது படைச்சதைத்தானாம். விசர் இல்லை அண்ணை. கணக்கெல்லாம் சரியாச் சொல்லுறார். நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். இண்டைக்கு இருபத்தஞ்சு."

திரும்பி வந்து அவர் முன்னால் இருந்தேன்.

"அருளம்பலம், அவள் வரப்போறாள்."

"வரட்டும்."

"வந்து உம்மைக் கண்டால்?"

"காணட்டும். செத்த தேப்பன் எழும்பியிருந்தா எந்தப் பிள்ளைக்குச் சந்தோசம் இல்லை?"

"அவளை ஏமாத்தினது எண்டு நினைப்பாள்."

"ஏமாத்தினது நீரும் தவிசாளரும். நான் செத்துக்கொண்டு கிடந்தனான்" என்றார். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "சிவஞானம், சொல்லிப்போடாதையும். நான் கேக்கிறன்."

அன்று அவர் தலைமுழுகியபோது வாயைத் திறக்காமல் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. இந்த முறையும் அதைத்தான் என்னிடம் கேட்கிறார் என்று பட்டது.

சந்நிதி கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். மதிய அன்னதானம் முடிந்து மடத்தில் சனம் குறைந்திருந்தது. ஒரு தூணடியில் இருந்துகொண்டு வத்சலாவுக்குப் போன் எடுத்தேன். என் பெயரைச் சொன்னேன். "சிவஞானம் மாமா" என்று உடனே கண்டுபிடித்தாள். நான் நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே சொன்னேன்: வெண்பா, தசமி, கொம்யூன், அழித்த பதினேழு பேர், அதற்குப் பிறகு அழித்தவர்கள். அவள் குறுக்கே பேசவில்லை. அடுப்படியில் யாரோ சோற்றுக் கிடாரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அப்பா உயிரோடை இருக்கிறார்."

"ஓம் பிள்ளை."

"நான் எழுதினதை வாசிச்சவரோ?"

"ஓம்."

"எல்லாத்தையும்?"

"ஓம்."

"அப்ப நான் ஆருக்கு அழுதனான், மாமா?"

போனைக் காதோடு அழுத்தினேன்.

"எனக்கு அவரை மன்னிக்க முப்பது வருசம் எடுத்தது" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "அதை ஒருக்காத்தான் செய்ய ஏலும். செய்து முடிச்சிட்டன். உயிரோடை இருக்கிறவருக்குச் சொல்ல என்னட்டை ஒண்டும் மிச்சமில்லை."

வைத்துவிட்டாள்.

மடத்தில் இருந்தபடியே, அந்தப் பதிவின்கீழ் என் சொந்தப் பெயரில் எழுதினேன்: இது பொய்ச் செய்தி, எழுதியவன் நான், தவிசாளர் அல்ல, அருளம்பலம் மாஸ்டர் உயிரோடு இருக்கிறார். ஒருமணித்தியாலத்துக்குள் யாரோ அதை அழித்தார்கள். எனக்கு அந்தப் பக்கத்தின் கதவும் அடைபட்டது. பதிவு மட்டும் அப்படியே இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பியபோது அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு படத்தின் கீழே இருந்தார். வத்சலா தான் எழுதியவற்றை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். முதலில் சாவகச்சேரிக்குப் போன சைக்கிள். பிறகு குட்டு. அவர் ஒவ்வொன்றையும் போகும்வரை பார்த்தார். கடைசியாக முதலாவது கடிதம் போனது. போனை மடியில் வைத்தார்.

"சொல்லிப்போட்டீர்."

"ஓம்."

அவர் என்னைத் திட்டவில்லை. உள்ளே பார்த்து, "பரமேஸ், தேத்தண்ணி" என்றார். பரமேஸ் கொண்டுவந்து வழமைபோல் படத்தின் கீழே வைக்கப் போனா. "கையிலை தா" என்றார். வாங்கி, நான் பார்க்கக் குடித்தார். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"இப்பதான் செத்தமாதிரிக் கிடக்கு."

முப்பத்தோராம் நாள் யாரும் வரவில்லை. நான் அதற்கு முதல் நாளே திரும்பியிருந்தேன்.

6

அவர் உண்மையாகவே இறந்தது மாசியில், வளர்பிறையில், பூர்வபக்கப் பஞ்சமியில். யோகன் எடுத்துச் சொன்னான். நான் பரமேஸிடம் கேட்டேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடமும் கேட்டேன். மூன்று வாய். தவிசாளரின் பக்கத்தை இப்போது நடத்துபவர் இரங்கல் போட்டார். கீழே வந்த முதல் வரி: "பழைய செய்தியை ஏன் திரும்பப் போடுறியள்?" இரண்டாவது: "மாஸ்டர் போன வருசமே போயிட்டாரே." சவ வீட்டுக்கு இருபது பேர்கூட வரவில்லை என்று பரமேஸ் சொன்னா. அழ வந்தவர்களுக்கும் அழுகை வரவில்லையாம். சந்திப் பதாகையை ஒருவரும் மாற்றவில்லை. மறைந்த திகதி என்ற இடத்தில் நான் எழுதியதுதான் இருந்தது.

நான் செய்யக்கூடியது ஒன்று மிஞ்சியிருந்தது. வத்சலாவுக்குச் சரியான திதியை அறிவிக்கவேண்டும். பிழையான நாளில் படைத்தால் அது போய்ச் சேராது என்று நம்பி வளர்ந்தவன் நான். போனில் கூப்பிட்டபோது அவள் எடுக்கவில்லை. கடதாசியில், கையால், மாதத்தையும் பக்கத்தையும் திதியையும் எழுதினேன். பாட்டு எழுதவில்லை. வெறும் உரைநடையில், பதிவுத் தபாலில் பாரிசுக்கு அனுப்பினேன். மறுமொழி வரவில்லை.

ஆவணி வந்தது. அபரபக்கத் தசமி அன்று மதியம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. ஒரு சிறிய சாப்பாட்டு மேசை, யன்னலுக்கு வெளியே பாரிஸ் நகரத்துச் சாம்பல்நிறக் கூரைகள். தட்டில் சோறும் கறிகளும், பால் இல்லாத தேத்தண்ணி, பக்கத்தில் பனங்கட்டி. தட்டுக்கு முன்னால் ஒரு சைக்கிள் மணி. பரமேஸ் கழற்றி அனுப்பியிருக்கவேண்டும். படத்தின் கீழே எழுதியிருந்தாள்:

"மாமா, கடிதம் கிடைச்சது. மாசித் திதியை நீங்கள் வைச்சிருங்கோ. அது உங்கடை பொறுப்பு. ஆவணித் திதி என்ரை. அண்டைக்குத்தான் நான் அப்பாவோடை கதைச்சனான்."

பலமுறை வாசித்தேன். என் பிழையை அவள் திருப்பித் தரவில்லை, தன்னிடமே வைத்துக்கொண்டாள். உண்மையை என்னிடம் தந்துவிட்டாள்.

அதன்பிறகு மாசிப் பஞ்சமி அன்று நான் படைக்கிறேன். உறவில்லாதவன் படைக்கலாமா என்று இங்கே கேட்பதற்கு ஐயர் இல்லை. வெளியே பனி கிடக்கும். சுகந்தி வேலைக்குப் போகுமுன் வந்து கறி சமைக்க உதவிசெய்வாள். போன முறை சோறு போட்டுக்கொண்டு நின்றவள் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு நடந்தா அந்த நாளை எனக்கு ஆர் சொல்லுவினம்?" பஞ்சாங்கம் பார்க்க அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். அவளுக்குத் தமிழ் இலக்கங்களே தடுமாறுகின்றன. மெதுவாகப் போகிறோம்.

தட்டை வைத்து, தேத்தண்ணியையும் பனங்கட்டியையும் பக்கத்தில் வைத்து, ஆவி பறப்பது நிற்கும்வரை இருப்பேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடிக்கும். திரையில் "அருளம்பலம்" என்று பெயர் விழும். அவருடைய அந்த நம்பரைத்தான் இப்போது பரமேஸ் பாவிக்கிறா. அது எனக்குத் தெரியும். பெயரை மாற்றி எழுத ஒரு நிமிடம் ஆகாது. நான் மாற்றவில்லை.

மூன்று முறை அடிக்க விட்டு, எடுப்பேன்.

"அண்ணை, இஞ்சை படைச்சாச்சு" என்பா பரமேஸ். "நீங்கள் இனிச் சாப்பிடுங்கோ."